திரைக்கு வலப்பக்கம்

கவாசாகி
பிப்ரவரி 18

நகுமோ சான் அவர்களுக்கு,

நாகாவோகாவில் இன்னும் கூரைப் பனியை வழித்துக்கொண்டிருப்பீர்கள். இங்கே பிளம் மரம் பூத்துவிட்டது. இப்படிப் பருவத்தைச் சொல்லி ஆரம்பித்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் பதினோரு வருடமாகப் பேசாத ஒருவருக்கு வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உங்கள் கைபேசி எண் மாறிவிட்டது. விலாசம் மாறவில்லை என்றார்கள்.

என் இடது கை கெட்டுவிட்டது. சோற்றுக் கிண்ணத்தைப் பிடிக்கிறது, பித்தான் போடுகிறது, மனைவியின் தோளைக்கூட அமுக்கிவிடுகிறது. பேஸ் கிட்டாரின் கம்பியைத் தொட்டால் மட்டும் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்கின்றன. வாசிப்பவர்களுக்கு மட்டும் வருகிற நோயாம். ஒரு வருடம் தொடாமல் இருங்கள், பிறகு பார்க்கலாம் என்கிறார் மருத்துவர்.

உமினேயின் சுற்றுப்பயணம் ஏப்ரலில் ஆரம்பிக்கிறது. அவள் குரல் கணினியில் செய்தது, உடம்பு வெளிச்சத்தால் செய்தது. நடுவில் திரையில் அவள் பாட, ஓரத்து இருட்டில் நாங்கள் நான்கு பேர் வாசிக்கிறோம். என் இடம் திரைக்கு வலப்பக்கம். எங்களை 'மூச்சு விடும் மேசை நாற்காலிகள்' என்று நீங்கள் பத்திரிகையில் எழுதியதை டிரம்ஸ்காரர் வெட்டியெடுத்து ஒத்திகை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

எனக்குப் பதிலாக நீங்கள் வாசிக்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

நிறுவனத்தில் எங்கள் பொறுப்பைப் பார்ப்பவர் சகாகி என்ற அம்மாள். "யாராவது சின்னப் பையனா சொல்லுங்க, முரோய் சான். படிச்சு முடிச்சிட்டு வரிசையில நிக்கிறாங்க" என்றார். சின்னப் பையன் வந்தால் திரும்பிப் போகமாட்டான். உங்களுக்கு இந்த வேலையைக் கண்டாலே அருவருப்பு. பயணம் முடிந்த மறுநாளே ஊருக்கு ரயில் ஏறிவிடுவீர்கள். கை சரியாகி நான் வரும்போது என் இடம் காலியாக இருக்கும். உங்களைக் கேட்பதற்கு அதுதான் காரணம். உங்கள் வாசிப்பின் மேல் எனக்குள்ள மதிப்பை முதலில் எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. நிகழ்ச்சியின் நடுவில் உமினே எங்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்வாள். "பேஸ், முரோய்!" என்பாள். கூட்டம் அதைத் திருப்பிக் கத்தும். அது ஜனவரியிலேயே செய்து முடித்துப் படத்தோடு சேர்த்தாயிற்று. உங்கள் பெயரைப் போட்டுவிடலாம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அவள் வாயிலிருந்து என் பெயர் வருகிறவரை அந்த இடம் என்னுடையது என்று ஒரு நினைப்பு. பொறுத்துக்கொள்ள முடியுமா?

பனி வழிக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முரோய்


நாகாவோகா
மார்ச் 2

முரோய்,

பனி இருக்கிறது. பூ இல்லை. பருவத்தைப் பற்றி அவ்வளவுதான்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'இவன் நம்மை வெறுக்கிறான், அதனால் நம்பலாம்' என்று ஒருவனிடம் உதவி கேட்க உன் ஒருவனால்தான் முடியும். கல்லூரியிலும் நீ இப்படித்தான். பணிவாகக் குனிவாய், குனிந்தபடியே எதிரே இருப்பவனின் செருப்பு என்ன விலை என்று பார்த்துக்கொள்வாய்.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. என் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டதாகப் பாடகன் சொன்ன அந்த உணவகத்தில், என் இடத்துக்கு வரப்போகிறவனாக நீ ஏற்கனவே உட்கார்ந்து குழம்புச் சோறு தின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து வணங்கினாய், வாய் நிறையச் சோற்றோடு. அந்தக் குழுவின் பாட்டுகளில் பாதி நான் எழுதியவை. ஆகவே இயந்திரம் மனிதனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று யாராவது பயமுறுத்தினால் எனக்குச் சிரிப்பு வரும். என் இடத்தைப் பிடித்தது இயந்திரம் இல்லை. என்னிடம் பாடம் கேட்டவன்.

வருகிறேன். பேஸ் சொல்லிக்கொடுக்கும் இசைப் பள்ளியில் எனக்கு இந்த வசந்தத்தில் வேலைச்சுமை குறைவு. தவிர, நான் எழுதியதை நானே போய்ச் சரிபார்த்துவிடலாம். பக்கத்தில் நிற்பவன் தடுமாறும்போது மற்றவன் காத்திருப்பதுதான் இசை. உன் உமினே யாருக்காகவும் காத்திருக்கமாட்டாள், அவளுக்குக் காத்திருக்கத் தெரியாது. ஏதாவது ஒரு ஊரில் அதை எல்லோர் முன்னாலும் காட்டிவிடுகிறேன்.

பெயரைப் பற்றிக் கவலைப்படாதே. அந்தப் பொம்மையின் வாயில் என் பெயர் விழாமல் இருப்பது எனக்கு மரியாதை. உன் பெயரைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். யாரும் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

நகுமோ


நாகோயா
ஏப்ரல் 13

முரோய்,

முதல் நிகழ்ச்சி முடிந்தது. பிழை இல்லை. உன் பெயர் கெடவில்லை.

மேடைக்குப் போகும் நேரத்தில் உன் டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்துக்கொண்டே, "சரி, மேசை நாற்காலி எல்லாம் ஏறுங்கப்பா, நேரமாச்சு!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

"காதுல தாளத்துக்கு க்ளிக் சத்தம் வரும், அது பின்னாலயே போங்க" என்றான். "பாட்டு எப்படின்னெல்லாம் யோசிக்காதீங்க. அவ யோசிக்கிறாளா என்ன?"

திரை ஒளிர்ந்ததும் அவள் வந்தாள். உண்மையைச் சொல்கிறேன். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவள் ஒரு கோடு. பக்கவாட்டில் அவளுக்குக் கனம் இல்லை. ஆனால் எதிரே இருந்த கூட்டத்தின் முகங்கள் தெரிந்தன. ஒரு கிழவர் ஒளிக்குச்சியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார். நான் எழுதிய எந்தப் பாட்டுக்கும் யாரும் அப்படி அழுது பார்த்ததில்லை.

அறிமுகம் வந்தது. "பேஸ், முரோய்!" என்றாள். விளக்கு என் மேல் விழுந்தது. மொத்த அரங்கமும் உன் பெயரைக் கத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். உடம்பு என்னைக் கேட்காமல் குனிந்துவிட்டது.

வெளியே வந்தபோது பின்வாசலில் ஒரு பெண் ஓடிவந்தாள்.

"முரோய் சான்! போன வருஷத்தைவிட இளைச்சிட்டீங்களே, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"முடி வேற நரைச்சிடுச்சு. பாவம், ரொம்ப உழைக்கிறீங்க" என்று சொல்லி ஒரு பொட்டலம் அரிசி பிஸ்கட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். உன்னை வருடக்கணக்காகப் பார்ப்பவளாம். உன் முகத்தின் நிலை இதுதான் என்று தெரிந்துகொள். பிஸ்கட் நன்றாக இருந்தது.

உன் பெயர் எனக்குத் தோளில் பிடிக்கும் சட்டை மாதிரி இருக்கிறது. சும்மா சொல்கிறேன்.

கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை என நினைத்துக்கொள்வாய். கேட்கிறேன். எப்படி இருக்கிறது?

நகுமோ


கவாசாகி
ஏப்ரல் 29

நகுமோ சான் அவர்களுக்கு,

செர்ரிப் பூ கொட்டி முடிந்துவிட்டது. கை அப்படியேதான் இருக்கிறது. கேட்டதற்கு நன்றி.

ஒசாகா நிகழ்ச்சியை நேரலையில் பார்த்தேன். மனைவி பீரும் வேகவைத்த சோயாக் காயும் எடுத்து வைத்திருந்தாள். அறிமுகம் வரும்போது அவள் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஒவ்வொரு வருடமும் அப்படி வந்து நிற்பாள்.

"பேஸ், நகுமோ!"

"யாருங்க அது?" என்றாள் மனைவி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

சகாகியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அவரேதான் வந்து கேட்டாரு, முரோய் சான். நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னாரே? எங்களுக்கு என்ன, பேரை டைப் பண்ணி அவ வாயசைவைச் சரிபண்ணா முடிஞ்சுது" என்றார். நீங்கள் மத்தியானமே போய்க் கேட்டிருக்கிறீர்கள். சாயங்காலத்துக்குள் நான் இல்லாமல் போய்விட்டேன். வேகமான வேலை.

திட்டுவதற்காக எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதற்காக எழுதுகிறேன்.

அறிமுகத்துக்கு முன்னால் வருகிற அந்த மெதுவான பாட்டில் நீங்கள் வேண்டுமென்றே தாளத்தைப் பின்னால் இழுத்தீர்கள். தாடை முன்னே தள்ளியதைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன், நகுமோ சான் சண்டைக்குப் போகிறார் என்று. அவளைக் காத்திருக்க வைக்கப் பார்த்தீர்கள். ஆனால் எனக்குக் கேட்ட பேஸ் இழுபடவே இல்லை. உங்கள் கை ஒன்று செய்தது, காதில் வேறொன்று விழுந்தது.

இரண்டாவது சரணத்தின் முடிவில் ஒரு சுரம் ஒரு மயிரிழை தாமதித்து, கம்பி உராயும் சத்தத்தோடு வந்தது. அந்த உராய்வை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். ஜனவரி ஒத்திகையில் என் சுண்டுவிரல் முதன்முதலாக என்னை ஏமாற்றிய இடம் அது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று எங்கள் ஒத்திகைகளை எல்லாம் பதிந்து வைப்பார்கள். நீங்கள் விலகிய உடனே ஒலிப்பொறியாளர் உங்களை மூடிவிட்டு என்னைத் திறந்துவிட்டார். கடைசிவரை திருப்பி மாற்றவும் இல்லை.

அரங்கம் கத்தியது உங்கள் பெயரை. கேட்டது என் விரல்களை. உங்கள் வாழ்க்கையில் உங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அதுவாகத்தான் இருக்கும். வாழ்த்துகள்.

மறுநாள் சகாகியே கூப்பிட்டார். ஒசாகாவில் நடந்ததைப் பார்த்ததும் மேலிடத்துக்கு ஒரு யோசனை வந்திருக்கிறதாம். என் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்தால், இனி வரப்போகிற பாட்டுகளுக்கும் அது என்னைப் போலவே வாசிக்குமாம். கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டார். யோசிக்கிறேன் என்றேன்.

ஃபுகுவோகாவில் வெயில் ஏறியிருக்கும். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

முரோய்


ஃபுகுவோகா
மே 6

முரோய்,

நாகாவோகாவுக்கு வந்த உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் இங்கே அனுப்பி வைத்தான். நீ பொய் சொல்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பொறாமையில் எழுதியிருக்கிறான் என்று ஒரு முழுநாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஒலிப்பொறியாளரைத் தேடிப் போனேன். அவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"ஒசாகாவுல என் சத்தம் வெளிய போச்சா?"

"போச்சே. மூணு பாட்டு வரைக்கும் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் முரோய் சான் போனாரு." ரொட்டியைக் கீழே வைத்தார். "கோவிச்சுக்காதீங்க. ஜனங்க அவளோட பாட்டைக் கேக்க வந்திருக்காங்க. நீங்க யார்கூடவோ பழைய சண்டை போடறதைக் கேக்க வரல."

"யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

"ஒருத்தர் கண்டுபிடிச்சாரு."

எனக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. "யாரு?"

"முரோய் சான்தான். போன் பண்ணாரு."

நேற்று இங்கே நான் க்ளிக் சத்தத்தை விட்டு நூலளவும் விலகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தேன். நன்றாகவும் வாசித்தேன், அது எனக்குத் தெரியும். ஆனால் மேடையில் என் காதுக்கு வருவது எப்போதும் என் சத்தம்தான். வெளியே எது போகிறது என்று வாசிப்பவனுக்குத் தெரிய வழி இல்லை. பொறியாளரைக் கேட்டேன், "நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு" என்கிறார். எது என்று சொல்லவில்லை. நீ பார்த்திருப்பாய். போனது நானா, நீயா? ஒரு வரி எழுது.

பெயரை மாற்றியது தவறு. நாகோயாவில் உன் பெயருக்கு விழுந்த சத்தத்தைக் கேட்டேன், அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. கடைசி நிகழ்ச்சிக்கு உன் பெயரையே திரும்பப் போடச் சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போடாதே. உனக்காகச் சொல்கிறேன். நாளைக்கு உன் கை சரியாகிவிடும், போய் நிற்பாய். அங்கே நீ ஏற்கனவே வாசித்துக்கொண்டிருப்பாய். நோய் வராத, ஊதியம் கேட்காத, இன்னும் விரல் மடங்காத முரோய். அவனை நீ எப்படி எழுப்பி அனுப்புவாய்?

எனக்காகவும் சொல்கிறேன். பள்ளியில் வேலைச்சுமை குறைவு என்று எழுதினேன் அல்லவா. பேஸ் வகுப்பில் ஒருவரும் சேரவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "மெஷின்ல பாட்டு செய்யற வகுப்பு எடுக்கறீங்களா, நகுமோ சான்?" என்றார். முடியாது என்றேன். மரியாதையாகத்தான் வெளியே அனுப்பினார்கள். எனக்கு இப்போது திரைக்கு வலப்பக்கம் தவிர வேறு இடம் இல்லை. இலையுதிர்காலப் பயணத்துக்கும் என்னையே வைத்துக்கொள்ளலாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை சரியான அன்று நான் விலகிவிடுகிறேன். இதை எழுத எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

நகுமோ


கவாசாகி
மே 20

நகுமோ சான் அவர்களுக்கு,

பார்லி அறுவடைக் காலம். மழைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் போட்டேன். அதற்கு முன்னால் வேண்டாம் என்றே நினைத்திருந்தேன். மனைவியும் "உங்க கையை இன்னொருத்தருக்குக் குடுக்கறதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவர் போன வாரம் சொல்லிவிட்டார். கம்பியைத் தொடுவேன் என்று இனி எதிர்பார்க்க வேண்டாமாம். ஆகவே அந்த இடம் எனக்குத் திரும்ப வரப்போவதில்லை. நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: அங்கே நீங்கள் நிற்பதா, யாரும் நிற்காமல் இருப்பதா. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கஷ்டமாக இல்லை.

உங்கள் பள்ளியில் வகுப்பை மூடியது எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். அதனால்தான் நீங்கள் மறுக்கமாட்டீர்கள் என்று நிச்சயமாக இருந்தேன். அங்கேதான் என் கணக்குப் பிசகியது. அந்த வேலையை வெறுப்பவர் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். திரும்பிப் போக இடம் இல்லாதவர் எதை வெறுத்தாலும் போகமாட்டார் என்று தோன்றவில்லை.

குழம்புச் சோறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் வந்தது உங்களை நீக்க வேண்டாம் என்று சொல்வதற்காக. உங்கள் பாடகர் எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "நீ வர்றியா?" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், தலையாட்டிவிட்டேன். பதினோரு வருடமாக இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். இப்போது சொல்ல எந்தச் சிரமமும் இல்லை.

இனி அவள் என் பெயரைத்தானே சொல்வாள் என்று சகாகியிடம் கேட்டேன். "அந்த இடத்துக்கு ஒரு பேரு கண்டிப்பா இருக்கும், முரோய் சான்" என்றார்.

ஃபுகுவோகாவில் வெளியே போனது நீங்களா, நானா என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. சொல்லப்போவதில்லை.

மழைக்காலத்தில் வாத்தியத்தின் மரம் வளையும். பெட்டியில் வைத்துவிடுங்கள், இனி அவசரம் இல்லை.

முரோய்


யோகோஹாமா
செப்டம்பர் 12

முரோய்,

நீ ஜூன் மாதக் கடைசி நிகழ்ச்சியைப் பார்த்திருப்பாய். என்னை ஏற்றாமல், திரைக்கு வலப்பக்கம் ஒரு பேஸ் கிட்டாரைத் தாங்கியில் நிறுத்தி விளக்குப் போட்டார்கள். உன் பெயரைச் சொன்னாள். கூட்டம் கத்தப் போய், எதைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் பாதியில் அடங்கிவிட்டது. உன் முகத்தைப் பார்த்தும் அவர்களுக்குப் பழக்கம் இல்லை, வெற்றிடத்தைப் பார்த்தும் பழக்கம் இல்லை. மறுநாள் நிறுவனத்துக்கு ஏகப்பட்ட புகார். சத்தத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

ஜூலையில் சகாகி என்னை வரச்சொன்னார்.

"நகுமோ சான், உங்க வாசிப்பு வேணாம்" என்றார். எடுத்த எடுப்பில், வணக்கம் சொல்வதற்கு முன்னால். "உங்க உடம்பு வேணும்."

"எதுக்கு?"

"நீங்க வாசிக்கும்போது தாடையை ஒரு மாதிரி முன்னால தள்ளுவீங்களே, அது ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. உயிர் இருக்கற மாதிரி இருக்காம்."

வெள்ளி முடியோடு இருபது வயதுப் பையன் ஒருவனை வரைந்து வைத்திருக்கிறார்கள். பெயர் தொவா. இனி வலப்பக்கத்து இடம் அவனுடையது. அவன் சத்தம் நீ. நீ ஒருபோதும் வாசிக்காத புதுப் பாட்டுகளைக்கூட உன்னைப் போலவே வாசிக்கிறான். அவன் உடம்பு நான். உடம்பு முழுக்க அசைவைப் பதியும் பொட்டுகள் வைத்த கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு, கம்பி கட்டாத பேஸ் கிட்டாரைத் தொங்கவிட்டுக்கொண்டு, மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் நிற்கிறேன். உன் சத்தத்துக்கு ஆடுகிறேன். நான் ஆடுவதை அங்கே திரையில் அவன் ஆடுகிறான். இதற்காக உன் வாசிப்பை நாள் முழுக்கக் கேட்டுப் படித்திருக்கிறேன். உன் குணத்தைப் போலத்தான் உன் வாசிப்பும். பணிவாக வந்து கழுத்தைப் பிடிக்கிறது. நன்றாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

என் பத்திரிகைக் கட்டுரையில் ஒரு தவறு உண்டு. இயந்திரத்தால் மனிதன் இல்லாமல் முடியுமா, முடியாதா என்று பக்கம் பக்கமாக எழுதினேன். முடியாது. அதற்கு நிறைய மனிதன் வேண்டும். முழுதாகத்தான் வேண்டாம்.

உள்ளே இருப்பவர் யார் என்று வெளியே சொல்லக் கூடாது. ரசிகர்களும் கேட்கமாட்டார்கள். கேட்பது அநாகரிகம் என்று நினைப்பவர்கள் அவர்கள். நான் போட்ட ஒப்பந்தத்தில் அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. உன்னுடையதிலும் இருக்கும், நீ என் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட அவசரத்தில் படித்திருக்கமாட்டாய். ஆகவே இதை எழுதியதற்கே என்னை எடுத்துவிடலாம். சகாகியிடம் காட்டு. அடுத்த வாரமே வேறொருவன் தாடையைக் கொண்டுவருவார்கள். உன்னை மட்டும் எடுக்க முடியாது. நீயே கேட்டாலும் முடியாது.

ஆனால் நீ காட்டமாட்டாய். அவன் கம்பியைத் தொடும்போது அது முரோய் என்று கேட்டதும் கண்டுபிடிக்கிற ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம். உன் மனைவியைக் கேட்டுப்பார், அவளுக்கே அடையாளம் தெரியாது. அவன் தாடையைத் தள்ளும்போது அது நான் என்று கண்டுபிடிக்க எனக்கும் நீ ஒருவன்தான். இந்தக் கேவலமான காரணத்துக்காகத்தான் நானும் உன்னை உயிரோடு இருக்கச் சொல்கிறேன்.

அக்டோபரில் இங்கே புதுப் பயணத்தின் முதல் நிகழ்ச்சி. நேரலையில் வரும். அவள் "பேஸ், தொவா!" என்பாள். கூட்டம் கத்தும், இந்த முறை அடங்காது. நான் அந்த அறையில் குனிந்து வணங்குவேன். நீயும் பீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து குனிந்துகொள். முதுகை நேராக வை. நான் குனிகிற அளவுக்கு மேல் நீ குனிய வேண்டாம்.

நகுமோ